ஒரு செம்பு ஊரணித் தண்ணீர்

குடிநீர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். தண்ணீரைச் சோதித்துவிட்டு, நல்ல தண்ணீர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்தக் கையெழுத்து எதுவரைக்கும் செல்லும் என்று யோசித்திருக்கிறீர்களா? குழாயின் வாய் வரைக்கும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயின் வாயிலிருந்து மனிதனின் வாய்க்குப் போகிற வழியில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு அடுப்படி இருக்கிறது, அங்கே நடப்பதும் நம் வேலையைச் சேர்ந்ததுதான் என்பது யுத்த காலத்தில் ஒரே நாளில் எனக்குப் புரிந்தது.

வால்வை எப்படித் திருகுவது, மருந்து எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. அந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் வளவளவென்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். நகரத்துக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர் நான். பெரிய கிணறுகளிலிருந்து பம்பு வைத்து மேல்தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தெருக்குழாய்களுக்கு விட்டோம். வசதியுள்ள சிலர் வீட்டு முற்றத்திலேயே குழாய் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் ஊர் மனசு ஊரணியிடம்தான் இருந்தது. எங்கள் பக்கம் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துத்தான் காலம் காலமாகக் குடித்தார்கள். அதனால் குடிதண்ணீர் ஊரணிக்குச் செய்கிற மரியாதை கோயிலுக்குச் செய்வதற்குக் குறைந்ததில்லை. செருப்பைக் கரைக்கு வெளியே விட வேண்டும். கால் கழுவக் கூடாது. மாடு இறங்கக் கூடாது. கரையில் ஒரு காவல்காரர் கம்போடு உட்கார்ந்திருப்பார். அந்த ஊரணித் தண்ணீருக்கு முன்னால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் எம்மாத்திரம்? லேசாகச் சவர் அடிக்கும், உப்புக் கரிக்கிற மாதிரி. "குழாய்த் தண்ணியா, கை கால் கழுவ நல்லாருக்கும்" என்று என் காதுபடவே சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னவோ அந்தத் தண்ணீரை நானே பெற்று வளர்த்த மாதிரி.

அந்த வருஷம் திருவிழாக் கூட்டம் ஊரணிக்கு மேற்கே இருந்த மேட்டில் வண்டி அவிழ்த்துப் போட்டுத் தங்கியது. கூட்டம் கலைந்த கையோடு ஒரு மழை. மேட்டில் கிடந்த அசுத்தம் அத்தனையும் வாய்க்கால் வழியே ஊரணிக்குள் வந்து சேர்ந்தது. கரையை அவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்தவர்கள், தண்ணீர் வருகிற வழியைக் காக்க மறந்துவிட்டார்கள். சில நாளிலேயே காலரா வந்துவிட்டது. பேரைச் சொல்லவே பயந்துகொண்டு 'பேதி' என்பார்கள்.

ஊரணித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்க வேண்டும் என்று தண்டோரா போட்டாயிற்று. குடத்தோடு யார் வந்தாலும் விடாதே என்று ஊரணிக் காவல்காரருக்கு உத்தரவும் ஆயிற்று. நாங்கள் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்தோம். யுத்த நாளில் அது கிடைப்பதே பெரும்பாடு. எங்கள் என்ஜினியர் அதற்காகத் திருச்சிக்குப் போய் உட்கார்ந்திருந்தார். ஊரில் பொறுப்பு என் தலையில்.

இவ்வளவு செய்த பிறகு நோய் அடங்க வேண்டுமல்லவா? அடங்கவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் இருந்த தெருவிலேயே ஆள் மேல் ஆள் படுத்தது. அந்தத் தெருவில் வைரவன் என்று ஒருவர் இருந்தார். அரிசி மண்டிக்காரர். முதன்முதலாக மனுப் போட்டு வீட்டுக்குக் குழாய் வாங்கியவர்களில் ஒருவர். மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனாலும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் தெரு கேட்கும். அவருடைய தம்பி சுப்பையா ஊருக்கு வெளியே போட்டிருந்த காலராக் கொட்டகையில் கிடந்தான். பிழைப்பானா என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் வைரவன் தெரு ஆட்களைத் திரட்டிக்கொண்டு பம்பு ஹவுஸுக்கே வந்துவிட்டார்.

"ஏங்க ஓவர்சியரு, ஊரணித் தண்ணியக் குடிக்காதேன்னீங்க. குடிக்கல. ஒங்க தண்ணியத்தான் குடிச்சோம். எந்தம்பி அங்கிட்டு உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கான். இப்ப என்ன சொல்றீங்க?"

"தண்ணியில மருந்து சரியா இருக்குங்க. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

"அந்த மருந்துதான் கொல்லுதோ என்னமோ!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "குழாய மூடுங்க! மொதல்ல மூடுங்க!" என்று பல குரல்கள் சேர்ந்துகொண்டன.

எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. ஒரு டம்ளர் நிறையப் பிடித்து, எல்லாரும் பார்க்க மடக்மடக்கென்று குடித்தேன். "நீங்க ஊசி போட்டுக்கிட்ட ஆளு, ஒங்களுக்கென்ன" என்றார் ஒருவர். தாகம் தீர்ந்ததுதான் மிச்சம். நீங்களும் என்றைக்காவது இப்படி மாட்டிக்கொள்வீர்கள். அப்போது கூட்டத்துக்கு முன்னால் தண்ணீர் குடித்துக் காட்டாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றையும் நிரூபிக்காது.

அதற்குள் சுகாதார அதிகாரி சைக்கிளில் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். பல நாளாகத் தூங்காத கண். என்னைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், "எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க. இல்லேன்னா சாயங்காலம் மெயின் வால்வை மூடிடுங்க. நானும் மேல பதில் சொல்லணும்" என்றார்.

மூடினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜனங்கள் தண்ணீர் குடிக்காமலா இருப்பார்கள்? ஊரிலிருக்கிற அத்தனை குடமும் ஊரணிக்குப் போகும். கம்பு வைத்திருக்கிற ஒரு காவல்காரர் எத்தனை பேரைத் தடுக்க முடியும்? ஒரு தெருவில் இருக்கும் காலரா ஊர் முழுக்கப் பரவும். சரி, மூடாமல் விட்டுவிட்டு, நான் நினைத்தது தப்பாக இருந்தால்? என் கையாலேயே ஊருக்கு விஷம் கொடுத்தவன் ஆவேன். உண்மையைச் சொல்கிறேன், சற்றுமுன் வீரமாகக் குடித்த அந்த டம்ளர் தண்ணீரை நினைத்து எனக்கே பயம் வந்தது.

அறையில் உட்கார்ந்திருந்தால் பயம்தான் வளரும் என்று எழுந்து, குழாய் போகிற வழியைப் பிடித்து நடந்தேன். எங்காவது உடைந்து சாக்கடை கலக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருக்க இருக்க எனக்கு இன்னும் கலவரமாயிற்று. கடைசிக் குழாய் ஊரெல்லையைத் தாண்டி, ஊர் ஒதுக்கிவைத்திருந்த மக்களின் குடியிருப்பில் இருந்தது. கோடிக் குழாய் என்பதால் தண்ணீர் நூலாகத்தான் விழும். ஆனால் வைரவன் வீட்டைத் தாண்டி வருகிற அதே குழாய், அதே தண்ணீர். பெண்கள் குடங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்கிட்டு யாருக்காச்சும் பேதி கண்டிருக்காம்மா?"

"இல்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

"ஊரணித் தண்ணி யாரும் எடுக்கிறதில்லையா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்ட ஒரு பெண் என்னை நேருக்கு நேர் பார்த்து, "எங்கள எந்தக் காலத்துலங்க அந்தக் கரையேற விட்டாக?" என்றாள்.

வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் குனிந்த தலைக்குள் ஏதோ ஓடியது. குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு கதி இல்லாதவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஊரணிக் கரையில் ஏறும் உரிமை உள்ளவர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். அப்படியானால் குழாய்த் தண்ணீரை மட்டும்தான் குடிக்கிறோம் என்று அவர்கள் சொல்வதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. நான் ஊரணிக்கு ஓடினேன்.

காவல்காரர் கருப்பையா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "குடத்தோட ஒருத்தரையும் விடலைங்க" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பயபக்தியோடு படியிறங்கி, ஒரு செம்பு மொண்டுகொண்டு போனாள்.

"இது என்னய்யா?"

"அது செம்புங்க." அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "குடிக்க இல்லீங்க. ஒறை ஊத்த."

"ஒறையா?"

"பாலுல மோரு ஊத்துறதில்லையா, அது மாதிரி. குழாய்த் தண்ணிப் பானையில ஒரு செம்பு ஊரணித் தண்ணி ஊத்திட்டா அது நம்ம தண்ணியாயிருமாம். பொம்பளைக பேசிக்கிறாக."

அவரைத் திட்ட வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். குடத்தை விடாதே என்று உத்தரவு, குடத்தை விடவில்லை. ஊரணியைக் குடிக்காதே என்று தண்டோரா, யாரும் குடிக்கவில்லை, கலக்கத்தான் செய்தார்கள். எல்லாரும் சொன்னபடி நடந்திருக்கிறார்கள். "இனிமே ஒரு கொட்டாங்கச்சிகூட இந்தப் படி எறங்கக் கூடாது" என்று கருப்பையாவிடம் சொல்லிவிட்டு வைரவன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் காலையில் வந்த அதே கூட்டம். வைரவன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். உங்கள் வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும் என்றேன். "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று வெறுப்போடு வழிவிட்டார். நான் மட்டும் வீட்டைக் கடந்து பின்கட்டு முற்றத்துக்குப் போனேன். அங்கே சுப்பையாவின் மனைவி அழகம்மாள் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். அரிமளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வைரவன் மனைவியை இழந்தவர், அதனால் அந்த வீட்டு அடுப்படி முழுக்க இவள் பொறுப்பு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தாயி, குடிக்கிற பானையில என்ன தண்ணி இருக்கு?"

"குழாய்த் தண்ணிங்க."

"ஊரணித் தண்ணி ஊத்துறதுண்டா?"

"ஒரு செம்புதாங்க" என்றாள். "குடிக்கணும்னு இல்லீங்க. பருப்பு வேகணும்ல."

அவள் சொன்னது இதுதான். குழாய்த் தண்ணீரின் சவருக்குப் பருப்பு வேகாமல் கல்லாக நின்றிருக்கிறது. தண்டோரா போட்ட மறுநாள் வைரவன் சாப்பாட்டு வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்து, ஒலைக்காவது ஒரு செம்பு ஊரணித் தண்ணி ஊத்தக் கூடாதா என்று வீடு அதிரக் கத்தியிருக்கிறார். குடம் கொண்டுபோக முடியாது. பக்கத்து வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, இவளும் செம்பில் மொண்டுவந்து பானையிலேயே ஊற்றிவிட்டாள். பானைத் தண்ணீர்தான் உலைக்கும், குடிக்கவும். உலையில் கொதித்ததால் ஒன்றுமில்லை. கொதிக்காமல் குடித்ததுதான் வினை. குழாயில் வந்த மருந்து பானையில் கிடக்கும்போதே பறந்துவிடும்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்கே புரிந்துவிட்டது.

"அப்ப... நாந்தானாங்க?"

இத்தனை கால வேலையில் அதைவிடக் கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "இல்ல தாயி. தெருவே செஞ்சிருக்கு. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வெளிய நிக்கிறவுகளுக்கு அது தெரியுமாங்க? எங்க வீட்டுக்காரவுக இல்லாமப் போயிட்டா எனக்கு என்ன பேரு வைப்பாகன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். புருஷனுக்குத் தன் கையாலேயே எமனை மொண்டு கொடுத்தவள் என்பார்கள். அவன் பிழைத்தாலும் அந்தப் பேர் போகாது. பானையை அப்படியே கவிழ்த்து, எல்லாப் பாத்திரத்தையும் கொதிதண்ணீரில் கழுவச் சொல்லிவிட்டு, அந்த முற்றத்தில் நின்று யோசித்தேன். இந்த யோசனைக்காகத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வாசலுக்குப் போய், குழாயில் குற்றமில்லை, இந்த வீட்டுப் பெண் இப்படிச் செய்தாள் என்று சொன்னால் என் குழாய் ஜெயித்துவிடும். சாயங்காலம் வால்வை மூட வேண்டியதில்லை. ஆனால் அவள் கதி? பேர் சொல்லாமல் பொதுவாக, சிலர் கலக்கிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் வைரவனே, எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்லை என்பார். கூட்டம் அவர் பின்னால்தான் நிற்கும். ஆக, முதலில் வைரவன் நம்ப வேண்டும். யாருக்கு முன்னால்? யாரும் இல்லாத இடத்தில். நான் அவரை மட்டும் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன்.

மேட்டில் தங்கிய கூட்டம், மழை, ஊரணி, செம்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் அழகம்மாள் பக்கம் திரும்பிவிட்டார். முகம் போன போக்கைப் பார்த்து நான் நடுவில் போய் நின்றேன்.

"அவுகளைக் கேக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பருப்பு வேகலேன்னு வட்டிலைத் தள்ளுனது யாருங்க?"

அவர் ஒரு கை ஓங்கினால் தாங்குகிற உடம்பு இல்லை என்னுடையது. அவர் ஓங்கவில்லை. மெதுவாகப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். வெளியே கூட்டம் கூச்சல் போட்டது. சுகாதார அதிகாரியின் சைக்கிள் மணியும் கேட்டது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று யாரோ கதவைத் தட்டினார்கள். நான் அசையவில்லை. ஒருவர் தன் தப்பைத் தானே பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தை நீங்கள் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டால், தப்பை அவர் வேறொருவர் தலையில்தான் போடுவார்.

"நல்ல தண்ணின்னு நெனச்சுத்தானய்யா சொன்னேன்" என்றார் கடைசியில். "நம்ம ஊரணியாச்சே."

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்கு நடந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமலே நானும் பின்னால் போனேன்.

சுகாதார அதிகாரியையும் கூட்டத்தையும் பார்த்து நான் பொதுவாக விஷயத்தைச் சொன்னேன். குடத்தில் வரவில்லை, செம்பில் வந்தது, குடிக்கிற பானையில் கலந்தது என்றேன். உடனே ஒருவர் எகிறினார். "எந்த வீட்டுல ஊத்துனாக? எவ ஊத்துனா? பேரைச் சொல்லுங்க!"

நான் வாயைத் திறக்கவில்லை. தெருவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுலதான்" என்றார் வைரவன். "நான்தான் ஊத்தச் சொன்னேன்."

அவர் பேர் கேட்டவரைப் பார்த்து, "ஒங்க வீட்டுல ஊத்தலையாப்பா? அடுப்படியில போயிக் கேட்டுட்டு வந்து பேசு" என்றார். அந்த ஆள் வீட்டுக்குள் போனார். போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பானை வெளியே வந்து சாக்கடையில் கவிழ்ந்தது. அடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. பிறகு தெரு முழுக்கப் பானை கவிழ்க்கிற சத்தம்தான். எந்தப் பெண்ணின் பேரும் அடிபடவில்லை. சுகாதார அதிகாரி என் தோளில் கையை வைத்து, "மூட வேண்டாம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சவர்த் தண்ணீர்தான்.

காலரா மெல்ல மெல்ல அடங்கியது. அடுத்த திருவிழாவுக்கு முன்னால் ஊரணியின் மேற்கு மேட்டுக்கு வேலி போட்டு, வண்டிகளுக்கு வேறிடம் ஒதுக்கினார்கள். கோடிக் குழாயில் தண்ணீர் நூலாக விழுவதை நான் விடாமல் சொல்லிச் சொல்லி, ஒரு வழியாக அங்கே பெரிய குழாய் போட்டோம். ஊரணிக் கரை அவர்களுக்குத் திறக்க அதற்கப்புறமும் காலம் பிடித்தது. அன்றைக்கு அவர்கள்தான் எனக்குக் காரணத்தைக் காட்டினார்கள் என்பதை நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

சுப்பையா பிழைத்தான். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வைரவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பின்கட்டில் அழகம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்க தாயி? பருப்பு வேகுதா?"

"எங்கங்க? கல்லு மாதிரித்தான் நிக்கிது."

"ஒலைக்கு ஊரணித் தண்ணி ஊத்தலாம்மா. தனியா வச்சுக்கிட்டு நல்லாக் கொதிக்க விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு பேதி அடங்குனதுமே எல்லாருக்கும் சொன்னோமே?"

அவள் கையில் பாத்திரத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். வைரவன் வட்டிலில் வைத்த கண்ணை எடுக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், கடக் கடக்கென்று மென்றுகொண்டிருந்தார்.

"தெரியுங்க" என்றாள் மெதுவாக. "கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்."